சிவப்பு செக்ஷன் டீ

9 ஜூன் 2025, திங்கள்

ரேஷன் கடையில் பாமாயில் தீர்ந்துவிட்டது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெறும் பையோடு வரும்போது கம்பெனி வாட்ச்மேன் பிடித்துக்கொண்டான். சின்ன முதலாளி என்னைக் கேட்டாராம். ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகப்போகிறது. இன்னும் அந்தக் கேட்டைத் தாண்டினால் கை தானாகச் சட்டைப்பையைத் தடவுகிறது, தீப்பெட்டி இருக்கிறதா என்று. உள்ளே தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது. நான் பீடியை விட்டே வெகுகாலம் ஆயிற்று.

மணிமாறன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார். கம்பெனியைத் தொடங்கிய பெரியவரின் மகன். மரியாதை தெரிந்த பிள்ளை. இந்த ஆயுத பூஜையோடு மங்களாம்பிகை டைஸ் அண்ட் கெமிக்கல்ஸுக்கு ஐம்பது வருஷம் முடிகிறதாம். விழா எடுக்கிறார்கள், விழா மலரும் அச்சடிக்கிறார்கள். கம்பெனியின் வரலாற்றை நான் எழுதித் தர வேண்டுமாம். "நீங்க எழுதுனாத்தானுங்ணா நல்லாருக்கும்" என்றார். கல்யாண வாழ்த்து, ஓய்வு பெறுகிறவருக்குப் பாராட்டு மடல், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று கம்பெனியில் எது ஒட்டினாலும் அது நான் எழுதியதாகத்தான் இருக்கும். அந்தப் பழி இன்னும் போகவில்லை.

ஒப்புக்கொண்டேன். மறுப்பதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

காலையில் மறுபடியும் சிறுநீரில் சிவப்பு. தை மாதத்திலிருந்து விட்டுவிட்டு வருகிறது. வலி ஒன்றும் இல்லை. பழைய சாயம்தான். இந்த வெயிலுக்கு உடம்பு அதைக் கரைத்துத் தள்ளுகிறது. மோர் நிறையக் குடிக்க வேண்டும்.

12 ஜூன், வியாழன்

ஆரம்பித்துவிட்டேன். பெரியவர் நெசவுக் குடும்பம். பம்பாயிலிருந்து சாயப்பொடி டின் வாங்கி வந்து, சைக்கிளில் கட்டிக்கொண்டு தறி வீடு தறி வீடாக விற்றவர். வாங்கி விற்பதைவிட நாமே செய்தால் என்ன என்று தோன்றி, சேலத்தில் திருமணிமுத்தாற்றங்கரையில் மூடிக் கிடந்த அரிசி மில் கொட்டகையை வாடகைக்குப் பிடித்தார். முதலில் செய்த நிறம் சிவப்பு. குமாரபாளையத்து லுங்கிக்கும் துண்டுக்கும் சிவப்புக்குத்தான் அன்று கிராக்கி. அப்புறம் மஞ்சள், நீலம், கறுப்பு என்று ஒவ்வொரு செக்ஷனாக வந்தது.

அந்தக் காலத்தில் ஆற்றுத் தண்ணீரைப் பார்த்தே இன்று கம்பெனியில் எந்த நிறம் ஓடுகிறது என்று ஊர் சொல்லிவிடும். இதை எழுதலாமா? எழுதினேன். பிறகு அடித்துவிட்டேன். விழா மலர்தானே.

ஒன்றரைப் பக்கத்துக்கே முதுகு விட்டுப்போயிற்று.

15 ஜூன், ஞாயிறு

ஒன்றும் எழுதவில்லை. படுத்தே கிடந்தேன்.

21 ஜூன், சனி

இன்று சிவப்பு செக்ஷன். இதை எழுதத்தான் எனக்கே ஆசையாக இருந்தது. பதினெட்டு வயதில் சேர்ந்து, செக்ஷனை மூடும் வரை அங்கேதான் இருந்தேன். மூடிய பிறகுதான் டெஸ்பாட்ச்சுக்கு மாற்றினார்கள்.

சிவப்பு டீ பற்றி எழுதினேன். புதிதாகச் சேர்ந்தவனுக்கு முதல் வாரத்தில் எச்சில் சிவக்கும். மூக்கைச் சிந்தினால் கைக்குட்டை சிவக்கும். தலையணை உறை சிவக்கும். அப்புறம் ஒரு நாள், பின்பக்கச் சுவரோரம் நிற்கும்போது சிறுநீரும் சிவப்பாகப் போகும். பையன் வெலவெலத்துப்போய் ஓடி வருவான். செக்ஷனே கைதட்டும். அவனுக்குச் சாயம் பிடித்துவிட்டது, இனி அவன் நம்ம ஆள். அன்று அவன் எல்லோரையும் கேட்டுக்கு எதிரே சாரதாமணியக்கா கடைக்குக் கூட்டிப்போய் டீ வாங்கித் தர வேண்டும். அதுதான் சிவப்பு டீ. வாங்கித் தராமல் தப்பியவன் ஒருத்தனும் இல்லை.

எனக்கு வந்த அன்று அழுதே விட்டேன். பாலசுந்தரம்தான் எங்கள் செக்ஷன் மேஸ்திரி. தோளில் கையைப் போட்டு, "பயந்துக்காத சாமி, சாயந்தான்" என்றார். அந்தக் கையும் மணிக்கட்டு வரை சிவப்பு.

பதம் பார்க்கும் முறையையும் எழுதினேன். வெள்ளைக் காடாத் துணியைக் கிழித்துத் தொட்டியில் முக்கி, கம்பியில் தொங்கவிட வேண்டும். முக்கிய உடனே யாராவது நிறம் சரி என்று சொன்னால் பாலசுந்தரத்துக்குக் கோபம் வந்துவிடும். "ஈரத்துல எல்லாமே செவப்புத்தான்டா. காஞ்சப்புறம் பாரு" என்பார். காய்ந்த துணியை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தலையாட்டுவார்.

தமிழ்ச்செல்விக்கு வாசித்துக் காட்டினேன். கல்யாணமான புதிதில் என் பனியனோடு சேர்த்துப் போட்டு அவள் முகூர்த்தப் பட்டு ரவிக்கை ரோஸாகிப் போனதை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். இன்னும் அந்தக் கோபம் இருக்கிறது.

2 ஜூலை, புதன்

சிவப்பு டீயைப் படித்துவிட்டு மணிமாறன் சிரித்துக்கொண்டே இருந்தார். மலரிலேயே இதுதான் பிரமாதம், நடுப்பக்கத்தில் படம் வரைந்து போடலாம் என்றார். பழைய ஆட்களின் போட்டோவும் வேண்டுமாம். யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று எனக்குத்தான் தெரியும், போய் வாங்கி வர முடியுமா என்றார். வண்டி தருகிறேன் என்றார். பஸ்ஸிலேயே போய்க்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். கம்பெனிக் காரில் போய் இறங்கினால் ஏதோ பட்டுவாடா வருகிறது என்று நினைத்துக்கொள்வார்கள்.

10 ஜூலை, வியாழன்

செக்ஷன் மூடிய கதை எழுதினேன். தொண்ணூறுகளில் வெளிநாட்டுக்காரன் துணி வாங்க மாட்டேன் என்றுவிட்டான். இந்தச் சிவப்பு சேர்ந்த துணி உடம்பில் பட்டால் ஆகாதாம். ஏற்றுமதிக்காரர்கள் பதறினார்கள். பிறகு நம் அரசாங்கமும் தடை போட்டது. ஒரு வெள்ளிக்கிழமை பூஜை போட்டுத் தொட்டியைக் கவிழ்த்தோம். பாலசுந்தரம் தொட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இப்போது கம்பெனியில் சாயமே இல்லை, துணியை மிருதுவாக்கும் கெமிக்கல்தான்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் எழுதி முடித்த பிறகு ஏதோ ஒன்று விட்டுப்போன மாதிரி நெருடுகிறது. என்னவென்று தெரியவில்லை. அசதியாக இருக்கலாம்.

20 ஜூலை, ஞாயிறு

குமாரபாளையம் போய்ச் செங்கோட்டையனைப் பார்த்தேன். ஒரே நாளில் செக்ஷனில் சேர்ந்தவர்கள் நாங்கள். மூடியதும் அவன் ஊருக்குப் போய் விசைத்தறி போட்டுவிட்டான். தறிச் சத்தத்தில் காது போய்விட்டது, கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

போட்டோ கொடுத்தான். யார் யார் போய்விட்டார்கள் என்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களோடு தொட்டியில் நின்ற சிவக்குமார் போய்விட்டானாம். கிட்னி என்று சொன்னார்களாம். பாலசுந்தரம் போனது தெரியும், எதனால் என்று இரண்டு பேருக்குமே தெரியவில்லை.

எனக்கு இன்னும் சிவப்பு இறங்குகிறது என்று சொன்னேன். சட்டென்று அவன் முகம் மலர்ந்துவிட்டது. "எனக்குந்தான்டா. போன வாரங்கூடப் போச்சு. ஏமாத்து வேலையா, நம்ம பெரியவரு சாயமாச்சே" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அவன் மனைவி முகத்தைச் சுளித்துக்கொண்டு உள்ளே போனாள்.

பஸ் ஏறுவதற்கு முன் பவானிப் பாலம் வரை போய்க் காற்று வாங்கினேன். பஸ்ஸில் நின்றுகொண்டுதான் வர முடிந்தது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஊரே ஆற்றுக்குப் போயிற்று. நான் போகவில்லை. இன்று சிவப்போடு சின்னச் சின்னத் துணுக்குகளாகவும் ஏதோ வந்தது. சாயம் உள்ளே கட்டி தட்டியிருக்கும்.

14 ஆகஸ்ட், வியாழன்

பனமரத்துப்பட்டி. பாலசுந்தரத்தின் போட்டோ வாங்க.

அவர் மனைவி பெருமாயி ஏரிக்கரைப் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். அரளிப்பூ மூட்டை பிரித்துப் பரப்பியிருந்தது, மொட்டு தனியாக மலர்ந்தது தனியாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அடையாளம் தெரிந்ததும் தண்ணீர் கொடுத்தார். போட்டோ என்று இருந்தது ஒன்றுதான், கண்ணாடி போட்டு மாலை போட்டது. போனில் படம் எடுத்துக்கொண்டேன். என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டார். அவருக்குப் பிடிக்கும் என்று நினைத்து, சிவப்பு டீ பாகத்தை எடுத்து வாசித்தேன். பாலசுந்தரம் என் தோளில் கை போட்டது வரைக்கும் வாசித்தேன்.

பெருமாயியின் கை நின்றுவிட்டது.

"அந்தச் சிரிப்பாலதானுங்ணா அவரு போனாரு" என்றார்.

ஓய்வு பெற்று வந்த பிறகும் பாலசுந்தரத்துக்குச் சிவப்பு போயிருக்கிறது. பெருமாயி ஆஸ்பத்திரிக்கு வாங்க, வாங்க என்று கெஞ்சியிருக்கிறார். உனக்கு என்ன தெரியும், பழைய சாயம் இறங்குகிறது என்று அவர் சிரித்திருக்கிறார். வருஷக்கணக்கில் சிரித்திருக்கிறார். கடைசியில் அடைத்துக்கொண்டு துடித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடினார்களாம். மூத்திரப்பையில் புற்று, எலும்பு வரை போய்விட்டது என்றார்களாம்.

"அது சாயம்னு டாக்டருகிட்டயும் சொன்னாருங்ணா. சாயம் ஒரு சொட்டுக்கூட இல்லம்மா, எல்லாம் ரத்தம்னுட்டாரு டாக்டரு."

நான் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தேன். பெருமாயி என் முகத்தையே பார்த்தார். உங்களுக்கு அப்படி ஒன்றும் இல்லையே என்று கேட்டார். இல்லை என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்?

அதே நாள், மறுபடியும்

வெளிநாட்டுக்காரன் தோலுக்கு ஆகாது என்று நிறுத்தினார்கள். துணியாக உடுத்தினாலே ஆகாதென்றால், அதை வருஷக்கணக்கில் மூச்சில் இழுத்தவனுக்கு? இதுதான் விட்டுப்போனது. நானே என் கையால் எழுதியிருக்கிறேன். எழுதிவிட்டு அசதி என்று படுத்திருக்கிறேன்.

இல்லை. எனக்குச் சாயமாகவே இருக்கலாம். பாலசுந்தரத்துக்கு அப்படி என்றால் எனக்கும் அப்படியா என்ன.

15 ஆகஸ்ட், வெள்ளி

தெருமுனையில் கொடி ஏற்றிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்தேன். காலையில் சிறுநீரைப் பிடித்து அதில் முக்கினேன். கொல்லைப்புறக் கம்பியில் ஓரமாகத் தொங்கவிட்டேன். எத்தனையோ ஆயிரம் தரம் செய்த வேலை. இதற்கு ஏன் யாருக்கும் செய்து பார்க்கத் தோன்றவில்லை? தெரியும் என்று நினைத்துவிட்டோம், அதனால்தான்.

எங்கள் சிவப்பு பருத்தியில் ஏறிவிட்டால் போகாது. காய்ந்தாலும் சிவப்பு, துவைத்தாலும் சிவப்பு. ஈரத்தில் எல்லாமே சிவப்புத்தான். காய்ந்த பிறகு பார்.

மத்தியானம் போய்ப் பார்த்தேன். பழுப்பு. துரு ஏறின மாதிரிப் பழுப்பு. குழாயில் காட்டிக் கசக்கினேன், பாதி போய்விட்டது.

சாயம் இல்லை.

16 ஆகஸ்ட், சனி

தமிழ்ச்செல்வி அந்தத் துணியை எடுத்துவந்து, கம்பெனிப் பழக்கம் இன்னும் போகவில்லையா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன். பெருமாயி சொன்னதையும் சொன்னேன்.

துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவளும் பாத்ரூமில் பார்த்தவள்தான். தண்ணீர் ஊற்றிக் கழுவி விட்டவள்தான்.

"எத்தன வருசம் உங்க பனியன இந்தக் கையில கசக்கியிருப்பேன். சாயம் எது, ரத்தம் எதுன்னு எனக்கே தெரிஞ்சிருக்கோணுமுங்க" என்றாள். அப்புறம் எழுந்தாள். "மலரு கிலருன்னு வாயத் தொறந்தீங்க, எனக்குக் கெட்ட கோவம் வந்துரும். கெளம்புங்க."

பயமாக இருக்கிறது. இவ்வளவு நாள் சோர்வு சோர்வு என்று எழுதினேனே, அதில் பயம் இல்லை. இப்போது இரண்டும் இருக்கிறது.

21 ஆகஸ்ட், வியாழன்

ஸ்கேன் எடுத்தார்கள். கேமராக் குழாயை உள்ளே விட்டும் பார்த்தார்கள். அந்த வேதனையை எழுத வேண்டாம். மூத்திரப்பைச் சுவரில் கட்டி வளர்ந்திருக்கிறது. கரண்ட் கம்பியால் சுரண்டி எடுத்து, பரிசோதனைக்கு அனுப்பிப் பார்த்தால்தான் எவ்வளவு ஆழம் என்று தெரியும்.

சின்ன வயது டாக்டரம்மா. எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டார். போட்டோ கேட்டு நான் போன வீடுகளில் மாலை போட்ட படங்கள்தான் அதிகம் என்று அப்போதுதான் உறைத்தது. இருக்கிறவர்களை எல்லாம் ஒரு தடவை வந்து காட்டச் சொல்லுங்கள், கொஞ்சம் சீக்கிரமாக என்றார்.

30 ஆகஸ்ட், சனி

கட்டியை எடுத்தாயிற்று. குழாயோடு படுத்திருக்கிறேன். பையில் இறங்குவது முதலில் நல்ல சிவப்பு, இன்று வெளிறிய ரோஸ். தமிழ்ச்செல்வியின் ரவிக்கை நிறம். அவளிடம் சொன்னேன். சிரிக்கவில்லை, அழுதாள்.

6 செப்டம்பர், சனி

ரிப்போர்ட் வந்தது. ஆழமாகப் போகவில்லை. உள்ளே மருந்து விடுவார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேமரா வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வாழ்நாள் பூராவும். திரும்பி வரக்கூடியதாம். ஆனாலும் பிழைத்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

இன்னும் ஒரு வருஷம் மோர் குடித்துக்கொண்டிருந்தால்?

8 செப்டம்பர், திங்கள்

செங்கோட்டையனுக்குப் போன் போட்டேன். தறியை நிறுத்தச் சொல்லிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். முதலில் என் உடம்பைப் பற்றி விசாரித்தான். உனக்கும் அதுதான், போய்ப் பார் என்றதும் குரல் மாறிவிட்டது. "உனக்கு வந்தா ஊருக்கே வரோணுமா? மலரு எழுதப் போயி மண்ட கொழம்பிப் போச்சு உனக்கு" என்றான். தறியை ஓட்டிவிட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே போனை வைத்தேன்.

அவன் மேல் கோபம் வரவில்லை. ஜூலையில் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் நானும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

12 செப்டம்பர், வெள்ளி

சிவப்பு செக்ஷனைத் திருப்பி எழுதினேன். டீயையும் வைத்தேன், பாலசுந்தரம் போனதையும் வைத்தேன், காடாத் துணியையும் வைத்தேன். பழைய ஆட்கள் எல்லோரும் போய்க் காட்டுங்கள் என்று முடித்தேன். ஆட்டோ பிடித்துக் கம்பெனிக்குப் போனேன்.

மணிமாறன் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து மறுபடியும் படித்தார். என் உடம்பைப் பற்றி நிஜமான அக்கறையோடு கேட்டார், ஆஸ்பத்திரிச் செலவை நான் பார்க்கிறேன் என்றார். அது வேண்டாம், இதைப் போடுங்கள், போதும் என்றேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அப்ப நான் பள்ளிக்கூடத்துப் பையனுங்ணா. இத இன்னைக்குப் போட்டா நாளைக்கு ஆபீசருங்க கேட்டுல வந்து நிப்பாங்க. ஏற்கெனவே சுத்தி இருக்கற அப்பார்ட்மென்ட்காரங்க எப்படா மூடுவாங்கன்னு இருக்காங்க. எரநூறு குடும்பம் இருக்குதுங்ணா உள்ள."

அவர் சொல்வதும் பொய் இல்லை. சரி, இதைப் போட முடியாவிட்டால் டீயையும் எடுத்துவிடுங்கள் என்றேன். அது ஏற்கெனவே அச்சாகிவிட்டது என்றார். படம்கூட நன்றாக வந்திருக்கிறது என்று எடுத்துக் காட்டப் போனார், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அப்படியானால் என் பேர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்வது? சண்டை போடத் தெம்பு இல்லை. குழாய் எடுத்த இடம் இன்னும் எரிகிறது.

19 செப்டம்பர், வெள்ளி

மூத்திரப்பைக்குள் விடும் மருந்து, முதல் தவணை. வீட்டுக்கு வந்து படுத்தேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

விழாவுக்குப் பழைய ஆட்களை எல்லாம் அழைத்திருக்கிறார்கள். அழைப்பிதழ் எனக்கும் வந்தது. தமிழ்ச்செல்வி கிழித்துப் போடப் போனாள். வேண்டாம் என்றேன். யார் போகாவிட்டாலும் நான் போக வேண்டும். அந்த ஆட்களை ஒரே இடத்தில் இனி எப்போது பிடிப்பது?

காடாத் துணி இரண்டு மீட்டர் வாங்கிவரச் சொன்னேன். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து அவளே சின்னச் சின்னத் துண்டாகக் கிழித்து மடித்தாள்.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

கேட்டுக்கு உள்ளே போகவில்லை. எதிரே சாரதாமணியக்கா கடை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன். அக்காவுக்குக் கண் தெரியவில்லை, மருமகள்தான் டீ ஆற்றுகிறாள். என் குரலைக் கேட்டதும் அக்கா கண்டுபிடித்துவிட்டார். உள்ளே மைக்கில் பெரியவரின் சைக்கிள் கதை ஓடியது. என் வாக்கியங்கள்தான். யாரோ ஒரு பெண் அழகாக வாசித்தாள். சிவப்பு டீ வந்ததும் பந்தலே சிரித்தது.

பூசணிக்காய் உடைத்ததும் வெளியே வந்தார்கள். கையில் மலர், பொரிப் பொட்டலம். பழைய ஆட்கள் கடைப் பக்கம்தான் வருவார்கள் என்று தெரியும். வந்தார்கள். சிவப்பு செக்ஷன்காரர்கள் ஏழெட்டுப் பேர், செங்கோட்டையனும். என்னைப் பார்த்ததும் அவன் கொஞ்சம் தயங்கினான். மலரில் நடுப்பக்கத்தைப் பிரித்து நீட்டினான்.

"பேரு இல்லீன்னாலும் உன்ற எழுத்துன்னு தெரிஞ்சு போச்சு. இன்னைக்கு யாருடா செவப்பு டீ வாங்கறது?"

"நான்தான்" என்றேன்.

எல்லோருக்கும் டீ சொன்னேன். ஆளுக்கு ஒன்று கையில் வந்த பிறகு, டீ சூடாக இருக்கும்போதே சொன்னேன். எனக்குப் போனது சாயம் இல்லை, ரத்தம். பாலசுந்தரத்துக்கும் ரத்தம். உங்களில் யாருக்காவது இன்னும் சிவப்பு இறங்கினால் அதுவும் சாயம் இல்லை. என்னை நம்ப வேண்டாம், இந்தத் துணியை நம்புங்கள் என்று ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். எப்படிப் பார்ப்பது என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பழுப்பு ஏறினால் உடனே ஆஸ்பத்திரி. ஏறாவிட்டாலும், வெறும் கண்ணுக்குத் தெரியாமலும் ரத்தம் போகுமாம், எப்படியும் ஒருமுறை காட்டிவிடுங்கள் என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஒருவர் துணியை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். ஒருவர் பெஞ்சிலேயே விட்டுவிட்டுப் போனார். ஒருவர் தனியாகக் கூப்பிட்டு, எரிச்சல் இருந்தால்தானே கவலைப்பட வேண்டும், எனக்கு எரிச்சலே இல்லையே என்று மெதுவாகக் கேட்டார். எனக்கும் இருக்கவில்லை என்றேன்.

செங்கோட்டையன் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தான். அந்தத் துணியிலேயே வாயைத் துடைத்தான். துடைத்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு பஸ் ஏறப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்ததும் தமிழ்ச்செல்வி எத்தனை மிச்சம் என்று பையைத் திறந்து பார்த்தாள்.

2 அக்டோபர், வியாழன்

கால் வீங்கியிருக்கிறது. நேற்று அவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கக் கூடாது. மலரை வாசலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கவில்லை.

5 அக்டோபர், ஞாயிறு

மத்தியானம் செங்கோட்டையன் போன் செய்தான். தறிச் சத்தம் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டுகிறவன் அவன்.

கொஞ்ச நேரம் மழை பெய்ததா, பெய்யவில்லையா என்று பேசினான். தீபாவளிக்கு நூல் விலை ஏறுமாம். நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

"துணி காஞ்சிருச்சு அர்த்தநாரி" என்றான்.

என்ன நிறம் என்று நான் கேட்கவில்லை.

"சேலத்துக்கு மொத பஸ்ஸுல வந்தா அந்த டாக்டரம்மாவப் பாத்துரலாமா?" என்றான்.

பார்த்துவிடலாம், பஸ் ஸ்டாண்டுக்கு நானே வந்து நிற்கிறேன் என்றேன். வெறும் வயிற்றோடு வரச் சொன்னேன்.